கம்ப்யூட்டரைத் திரும்ப எடுத்துச் செல்வது குறித்து

சேலையூர்,
செவ்வாய்க்கிழமை, சாப்பாடு போடப்படாத மதியம்.

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனன் காலேப்புக்கு,

உன் அத்தான் ஜெபராஜ் அன்போடும் அரைவயிற்றோடும் எழுதிக்கொள்வது. ஓசூரில் நீயும் ஜென்சியும் பிள்ளைகளும் தேவ கிருபையால் நன்றாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். உன் அக்கா ஹில்டாவும் சுகமாகத்தான் இருக்க வேண்டும். காலையிலிருந்து அவள் என்னோடு பேசாததால் கேட்டு எழுத முடியவில்லை.

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஆயுள் முழுக்க ஊரார் கடிதங்களுக்கு முத்திரை குத்தி, போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவன் நான். எனக்கென்று ஒரு கடிதம் போட எனக்கு உரிமை இல்லையா? அதோடு, இந்த வீட்டில் போன் பேசுவது என்றால் உன் அக்காவையும் சேர்த்துக்கொண்டு பேசுவது என்று அர்த்தம். நான் ஒரு வாக்கியம் சொன்னால் சமையலறையிலிருந்து இரண்டு திருத்தம் வரும். இந்த விஷயத்தில் எனக்குத் திருத்தம் வேண்டாம், அனுதாபம் வேண்டும். அது உன்னிடம்தான் கிடைக்கும், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் காரணம் நீ.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ கொண்டுவந்து முன்னறையில் வைத்துவிட்டுப் போனாயே ஒரு கம்ப்யூட்டர், அதை அந்தப் பியானோக் கட்டை, ஸ்பீக்கர், தலையில் மாட்டுகிற ஹெட்போன், உள்ளே இருக்கிற பாட்டு சாஃப்ட்வேர் எல்லாவற்றோடும் சேர்த்து வருகிற சனிக்கிழமை நீயே வந்து எடுத்துக்கொண்டு போய்விடு. எனக்கு இசை வேண்டாம். இசைக்கும் நான் வேண்டாம் என்பது இன்று காலை தெருவே பார்க்க நிரூபணமாகிவிட்டது.

நினைவிருக்கிறதா, "ரிட்டயர்டு ஆயிட்டு ஒரே பேப்பரை ரெண்டு தடவை படிக்கிறீங்களே அத்தான், மியூசிக் கம்போஸ் பண்ணுங்க" என்றாய். எனக்கு சங்கீதம் தெரியாதே என்றேன். "உங்களுக்குத் தாளம் ரத்தத்துலயே இருக்கு. நீங்க முத்திரை குத்துற சத்தம் இன்னும் என் காதுல இருக்கு" என்றாய். காலேப், ஒரு மனிதனைக் கெடுக்க இதைவிட அதிகமாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. நீ பஸ் ஏறிய அடுத்த ஞாயிறே, ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தபோது, "இப்போ வீட்ல கம்ப்யூட்டர்ல கம்போசிங் பண்ணிட்டிருக்கேன்" என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டேன். அன்றைய தேதியில் எனக்கு அந்தக் கம்ப்யூட்டரை ஆன் செய்யத் தெரியும். ஆஃப் செய்ய ஹில்டாவைக் கூப்பிடுவேன்.

இது பெண்கள் ஐக்கிய சங்கத்தின் காதுக்குப் போயிற்று. அவர்களுடைய ஆண்டு விழா வருகிற ஞாயிற்றுக்கிழமை. அதற்கென்று உன் அக்கா ஒரு பாட்டு எழுதியிருக்கிறாள். ஆமாம், நம் ஹில்டாதான். இத்தனை வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவளுக்குள் ஒரு பாட்டு இருந்தது எனக்குத் தெரியாது. நீயே படித்துப் பார்:

விடியும் நேரம் வாசல் வந்து நிற்கின்றீரே நாதா
வீட்டில் சேர்ந்த பாரமெல்லாம் கொண்டு வந்தேன் நாதா
நேற்று மீந்த கவலையெல்லாம் நீர் சுமந்து போக
நெஞ்சம் லேசாய் ஆகி நானும் திரும்பி வந்தேன் நாதா

படித்ததும் எனக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது. கொஞ்சம் பயமும் வந்தது, 'வீட்டில் சேர்ந்த பாரம்' என்று யாரைச் சொல்கிறாள் என்று. கேட்கவில்லை.

சங்கத் தலைவி சுஜி அம்மாள் வழக்கம்போல் டேனியலிடம் மெட்டுப் போடச் சொன்னார்கள். டேனியலை உனக்குத் தெரியும், நம் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவன், பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோ பெரிய கம்பெனியில் வேலை, தலைமுடி ஆடாமல் சிரிப்பான். அப்போது உன் அக்கா எழுந்து நின்று, "என் வீட்டுக்காரரே கம்ப்யூட்டர்ல மெட்டுப் போட்டுடுவார்" என்று சொல்லிவிட்டாளாம். டேனியல் ஒரு சிரிப்பு சிரித்து, "அங்கிள் ட்ரை பண்ணட்டும் ஆன்ட்டி. வரலைன்னா நான் ஏதாவது பழைய மெட்டுல உட்கார வச்சுடறேன்" என்றானாம். வீட்டுக்கு வந்த ஹில்டா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "பழைய மெட்டு வேண்டாங்க. அந்தப் பாட்டுக்குள்ளேயே ஒரு மெட்டு இருக்கு. உங்களுக்குத் தோணுதான்னு பாருங்க." பாட்டு எழுத ஆரம்பித்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் போலிருக்கிறது என்று நான் தலையாட்டி வைத்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் தனக்கென்று ஒன்று செய்திருக்கிறாள், அதை டேனியல் கையில் கொடுக்காமல் என் கையில் கொடுத்திருக்கிறாள். அதை நான் கெடுத்துவிடக் கூடாது. அவ்வளவுதான் என் ஜெபம்.

உட்கார்ந்தேன். திரை முழுக்கக் காலிக் கட்டங்கள். ஒரு கோடு மட்டும் இடது பக்கத்திலிருந்து வலது பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. நான் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அது நகர்கிறது. சும்மா உட்கார்ந்திருப்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிக்கொடுக்கிற இயந்திரத்தை நான் எந்த ஆபீசிலும் பார்த்ததில்லை. சரி, ஏதாவது சத்தம் வரட்டும் என்று வாத்தியப் பட்டியலில் ஒரு பெயரைத் தட்டி ஒரு கட்டையை அழுத்தினால், பத்துப் பெண்கள் சேர்ந்து "ஆஆஆ" என்றார்கள். ஹில்டா கரண்டியோடு ஓடி வந்தாள். மாடியிலிருந்து வீட்டுச் சொந்தக்காரர் தட்சிணாமூர்த்தி எட்டிப் பார்த்து, "இன்னா சார், யாருக்கு இன்னா ஆச்சு?" என்றார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் என்று சொல்லி அனுப்பினேன்.

பிறகு யூடியூபில் தாடி வைத்த ஒரு தம்பியைப் பிடித்தேன். "இன்ஸ்பிரேஷனைத் தேடி எங்கேயும் போகாதீங்க ஃப்ரெண்ட்ஸ், அது உங்களைச் சுத்தியே இருக்கு. உங்க ஏரியா சத்தங்களைக் கேளுங்க, ரெக்கார்ட் பண்ணுங்க, அதுலேர்ந்து பாட்டு பிறக்கும்" என்றான். எங்கேயும் போகாதீங்க என்றுதான் சொன்னான். நான் பம்மலுக்குப் போனேன். அங்கே ஒரு தெரு முழுக்கச் சின்னச் சின்ன பட்டறைகள். தகடு அடிக்கிற பிரஸ் மெஷின் ஒன்று 'டடக் டம், டடக் டம்' என்று போடுகிற தாளம் ஷேர் ஆட்டோவில் போகும்போதெல்லாம் என் காதில் விழுந்திருக்கிறது. அதையே பாட்டுக்குத் தாளமாக வைத்துவிடலாம் என்பது என் திட்டம். நல்ல காரியத்துக்குப் போகிறோமே என்று முழுக்கைச் சட்டை போட்டு, பேனா குத்தி, பாட்டுத் தாள் கசங்காமல் ஒரு ஃபைலில் வைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பட்டறைக்கு எதிரே நின்று போனை நீட்டினேன். மெஷின் நின்றுவிட்டது. முதலாளி கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார்.

"வணக்கம் சார், உள்ள வாங்க. எந்த ஆபீஸ் சார், பொல்யூஷனா?"

"ஆபீஸ் எல்லாம் இல்லீங்க. உங்க மெஷின் சத்தத்தைப் பதிவு பண்ண வந்தேன்."

"சத்தமா? இன்னா சார் சொல்றீங்க, இங்க சத்தமே கெடையாது. நீங்களே பாருங்க, எவ்ளோ அமைதியா கீது."

"எனக்கு சத்தம்தான் வேணும். ஒரே ஒரு நிமிஷம் ஓட்டுங்க, போதும். நான் பாட்டுப் போடறவன்."

"பாட்டு போடறவரா?" என்று என் ஃபைலைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். "சார், போன தபா வந்த ஆபீசரும் கல்யாணப் பத்திரிகை வைக்க வூடு தேடறேன்னுதான் சொன்னாரு. டேய், சாருக்கு ஒரு சோடா சொல்லு!"

சோடா வருவதற்குள் பக்கத்துப் பட்டறை நின்றது, அதற்கடுத்தது நின்றது, கடைசியில் தெருக்கோடி வெல்டிங் கடை வரைக்கும் அடங்கிவிட்டது. அந்தத் தெருவில் அப்படியோர் அமைதி நிலவியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால், பதிவானது ஒரு காக்கா, ஒரு சோடா மூடி, "ஒரே ஒரு தடவை ஓட்டுங்களேன்" என்று கெஞ்சுகிற என் குரல். அதை வைத்துக்கொண்டு கர்த்தரைத் துதிக்க முடியாது.

இப்படி ஒவ்வொரு நாளும் போக, ஹில்டா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. காபி வைத்துவிட்டு, திரையில் நகர்கிற கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போவாள். எனக்கு அது தாங்கவில்லை.

அப்புறம்தான் அது வந்தது. போன வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல் குளித்துக்கொண்டிருந்தேன். தலையில் ஒரு மக் தண்ணீர் ஊற்றினேன், மெட்டு வந்துவிட்டது. பல்லவி, இறக்கம், கடைசியில் ஒரு சின்னச் சுழிப்பு எல்லாமாக முழுசாக வந்தது. 'விடியும் நேரம் வாசல் வந்து' என்று அதன்மேல் வைத்துப் பாடிப் பார்த்தேன். தைத்த சட்டை மாதிரி அளவாக உட்கார்ந்தது. சோப்பைக்கூடக் கழுவாமல் துண்டோடு ஓடி, ஒற்றை விரலால் கட்டையில் தட்டித் தட்டி ஏற்றிவிட்டேன். பக்திப் பாட்டாயிற்றே என்று வேகத்தை நன்றாகக் குறைத்து, பின்னால் வயலின் கூட்டம் ஒன்றைச் சேர்த்தேன். எனக்கே நம்ப முடியவில்லை, காலேப். இதைத்தான் அந்தத் தாடித் தம்பி இன்ஸ்பிரேஷன் என்றான், நம் போதகர் ஆவியானவரின் ஏவுதல் என்பார் என்று முழங்கால் படியிட்டேன், ஈரத் துண்டோடு.

ஹில்டாவைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டேன். கேட்க ஆரம்பித்ததும் அவள் கண் விரிந்தது. முடியும்போது கண்ணில் தண்ணீர் நின்றது. "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்றாள். "நான் எங்கே கண்டுபிடிச்சேன், மேலேயிருந்து வந்தது" என்றேன் தாழ்மையோடு. "ம், மேலேயிருந்துதான்" என்று ஒரு சிரிப்பு சிரித்தாள் பார், கல்யாணமான புதிதில் பார்த்தது. அன்றைக்கு இடியாப்பமும் சொதியும் செய்து போட்டாள். நான் எத்தனை தின்றேன் என்று எழுத மாட்டேன்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நான் இன்றைக்கு ஒரு இசையமைப்பாளன். பெருமை விடவில்லை. பாட்டை டேனியலுக்கு அனுப்பினேன். அவன் கூப்பிட்டு, "மெட்டு நல்லா இருக்கு அங்கிள். எங்கேயோ கேட்ட மாதிரி மனசுல ஒட்டுது. ஆனா டெம்போ ரொம்ப ஸ்லோ" என்றான். பாட்டின் வேகத்துக்கு டெம்போ என்று பெயராம். உள்ளே சிக்னல் கிடைக்காமல் நான் வாசலில் நின்று, "டெம்போ பத்தலையா? வேற டெம்போ வைக்கணுமா? சரி, ஞாயித்துக்கிழமைக்குள்ள டெம்போவை முடிவு பண்ணிடலாம்" என்று கத்திக்கொண்டிருந்தேன். மாடியில் தட்சிணாமூர்த்தி துணி உலர்த்திக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

மறுநாள் மார்க்கெட்டிலிருந்து ஹில்டா திரும்பி வந்தால், அவளுடைய சமையலறையில் முன்பின் தெரியாத ஒரு புருஷனும் பெண்சாதியும் ஃப்ரிட்ஜ் நிற்குமா என்று டேப் வைத்து அளந்துகொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் தட்சிணாமூர்த்தி நின்று தண்ணீர் வசதியை எடுத்துச் சொல்கிறார்! அவருடைய தாத்தா காலத்தில் இந்தத் தெருவே அவர்கள் வயல், அதனால் எல்லா வீட்டுக்குள்ளும் களத்துமேட்டில் நுழைகிற மாதிரி நுழைவார். முன்னறையில் இருந்த நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஓடிப்போய்க் கேட்டேன்.

"இன்னா சார் இப்படி கேக்கறீங்க? ஞாயித்துக்கெழமைக்கு டெம்போ பேசிட்டீங்க. காலி பண்றதா இருந்தா என்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வேணாமா? நான் இன்னா வேத்து ஆளா?" என்றார், உண்மையிலேயே மனம் வருந்தி.

"அது சாமான் ஏத்தற டெம்போ இல்ல சார், பாட்டு டெம்போ."

"பாட்டுக்கு எதுக்கு சார் டெம்போ? ஆட்டோல போனா பத்தாதா?"

வந்தவர்களை அனுப்பி வைப்பதற்குள் பேஜாராகிவிட்டது. அந்தப் பெண்மணி போகும்போதுகூட, "பால்கனி மட்டும் இருந்தா நல்லா இருக்கும்" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டே போனாள்.

இப்போது இன்று காலைக்கு வருகிறேன். வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று, சங்கத்துப் பெண்களுக்கு ஒத்திகையை நம் வீட்டில் காலையிலேயே வைத்தோம். டேனியலும் வந்திருந்தான். நாற்காலியெல்லாம் நிறைந்துவிட்டதால், ஸ்பீக்கரை எடுத்து ஜன்னலில், தெருவும் கேட்கட்டும் என்று, வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்தேன். டேனியல் உட்கார்ந்து வயலினையெல்லாம் எடுத்துவிட்டு, மணி மாதிரி ஒரு சத்தத்தைப் போட்டு, "இப்போ கேளுங்க அங்கிள்" என்று டெம்போவைக் கூட்டினான். பாட்டு துள்ளிக்கொண்டு கிளம்பியது. பெண்கள் 'விடியும் நேரம் வாசல் வந்து' என்று எடுத்தார்கள்.

மாடிக் கேட்டு திறக்கிற சத்தம் கேட்டது. தட்சிணாமூர்த்தி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் பச்சைக் கூடை, ஒரு கையில் நீலக் கூடையோடு தடதடவென்று இறங்கினார். எதிர்வீட்டு ஸ்ரீவித்யா பல்லில் பிரஷ்ஷோடு கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, தெருக்கோடி மாவு மில்காரர் வரைக்கும் வந்து, மக்கும் குப்பை ஒரு பக்கம், மக்காத குப்பை ஒரு பக்கமாக என் ஜன்னலுக்கு எதிரே வரிசையாக நின்றுவிட்டார்கள். உள்ளே சுஜி அம்மாள், அவர்கள் வீடு இந்தத் தெருவில்கூட இல்லை, பாடிக்கொண்டே தன்னையறியாமல் எழுந்து மூலையில் கிடந்த ஒரு கவரைக் கையில் எடுத்துவிட்டார்கள். 'வீட்டில் சேர்ந்த பாரமெல்லாம் கொண்டு வந்தேன் நாதா' என்று பாட்டு போகிறது. தெருவில் எல்லோரும் கொண்டுவந்து நிற்கிறார்கள்.

ஆமாம், காலேப். நான் குளிக்கிற நேரம்தான் குப்பை வண்டி வருகிற நேரம். தினமும் தண்ணீர் சத்தத்துக்கு நடுவே பாத்ரூம் ஜன்னல் வழியாக என் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது அந்த வண்டியின் ஸ்பீக்கரில் போடுகிற மெட்டு. குப்பை கொட்டப் போகிறவள் ஹில்டா. நான் ஒருநாளும் போனதில்லை, அதனால் எனக்குத் தெரியவில்லை. மெதுவாக இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. டெம்போவைக் கூட்டியதும் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

ஸ்ரீவித்யா பிரஷ்ஷை எடுத்துவிட்டு, "அங்கிள், வண்டிப் பாட்டுக்குப் புதுசா வரி போட்டிருக்காங்களா? நேற்று மீந்தது, சுமந்து போக... ரொம்ப பொருத்தமா இருக்கு!" என்றாள். இதற்குள் தெருமுனையில் நிஜ வண்டி அதே மெட்டோடு திரும்பியது. ஓட்டி வந்த முனியம்மா, வரிசையைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னா இது? நான் இன்னும் மொதல் தெருவே முடிக்கல, அதுக்குள்ள எல்லாரும் கூடையோட நின்னுகினு கீறீங்க? எனக்கு முன்னாடி எவ வண்டி வந்துச்சி? நம்ம ரூட்ல வேற ஆள வுட்டுட்டாங்களா?"

எல்லோரும் என் ஜன்னலைக் காட்டினார்கள். நான் வெளியே வந்தேன். அப்போது நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஸ்ரீவித்யாவிடம், "இது நான் போட்டது இல்லம்மா, கம்ப்யூட்டர்ல தானா வந்தது" என்றேன். தட்சிணாமூர்த்தியிடம், "எனக்கும் இந்தப் பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை" என்றேன். முனியம்மாவிடம், "போயும் போயும் இந்தக் குப்பை மெட்டையா நான் போடுவேன்?" என்றேன். இயேசுவைத் தெரியாது என்ற பேதுருவைப் போல மூன்று தரம் மறுதலித்தேன். சேவல் கூவவில்லை, வண்டி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது. திரும்பினால் வாசற்படியில் ஹில்டா நிற்கிறாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெண்கள் கலைந்துபோனார்கள். டேனியல் போகும்போது என் தோளைத் தொட்டு, "விடுங்க அங்கிள், நான் பழைய மெட்டு ஒண்ணு பார்த்துக்கறேன்" என்றான். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவன் பரிதாபப்பட்டான். உன் அக்காவின் முதல் பாட்டை நான் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டேன். ஊர் சிரித்தது போகட்டும். என்னை நம்பி சபையில் எழுந்து நின்றவள் அவள், அவளைத் தலைகுனிய வைத்துவிட்டேனே. அதனால்தான் சொல்கிறேன், சனிக்கிழமை அவசியம் வந்து அந்தப் பெட்டியை என் கண்ணிலிருந்து எடுத்துப் போ. வரும்போது உன் அக்காவிடம் எனக்காக இரண்டு நல்ல வார்த்தை பேசு. நீ பேசினால் கதவைத் திறப்பாள்.

உனக்கும் ஜென்சிக்கும் சமாதானம் பெருகட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். அவர்கள் கணக்கு, அறிவியல் என்று எதையாவது படித்து நன்றாக வாழட்டும். பாட்டு கிளாஸுக்கு மட்டும் அனுப்பாதே.

இப்படிக்கு,
இசையிலிருந்தும் ஓய்வு பெற்ற உன் அத்தான்,
ஜெபராஜ்

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடு. கவர் வாங்க நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் உன் அக்கா இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டாள். நான் வந்ததும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, "இதுல 'இங்கே நான் சுகம்'கிறது ஒண்ணுதான் சரி, மத்ததெல்லாம் தப்பு" என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "காலையில அந்த வண்டிக்காக கேட்டுல கூடையோட நிக்கிற நேரம்தான் இந்த வீட்ல எனக்குன்னு இருக்கிற நேரம். அப்ப தோணின பாட்டுங்க அது. அந்த மெட்டுலயேதான் எழுதினேன். சங்கத்துல சொன்னா சிரிப்பாங்கன்னு வாயைத் திறக்கலை. நீங்க அதையே போட்டுக் காட்டினதும், இந்த மனுஷன் நான் முணுமுணுத்ததைக் காது கொடுத்துக் கேட்டிருக்காரு, யாருக்கும் தெரியக் கூடாதுன்னு மெதுவா வேற போட்டிருக்காருன்னு நினைச்சு அழுதேன். கடைசியில தெருவுல நின்னு குப்பை மெட்டுன்னு சொல்லிட்டீங்களே!"

ஊர் சிரித்ததற்கு அவள் கோபப்படவே இல்லையாம். மன்னிப்புக் கேட்டேன், சாப்பாடு போட்டாள். பிறகு அவளே டேனியலைக் கூப்பிட்டு, "பழைய மெட்டு வேண்டாம் தம்பி, இதே மெட்டுதான், கேக்கறவங்க கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். முனியம்மாவையும் விழாவுக்கு வரச் சொல்லியிருக்கிறாள், முன் வரிசையில். ஆகவே சனிக்கிழமை கம்ப்யூட்டரைத் தொடாதே. குடும்பத்தோடு வந்து தங்கி, ஞாயிற்றுக்கிழமை பாட்டைக் கேட்டுவிட்டுப் போ. முடிந்தால் ஒரு நல்ல மைக் வாங்கி வா.

ஹில்டா இப்போது உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டே பாடுகிறாள். மேலே போகிற இடத்தில் குரல் எட்டவில்லை, சுருதி விலகுகிறது. முழுப் பாட்டையும் ஒரு கட்டை கீழே இறக்கக் கம்ப்யூட்டரில் ஒரு பட்டன் இருப்பதை இப்போதுதான் கண்டுபிடித்தேன். இறக்கிவிட்டேன். அவளிடம் சொல்லாதே.